வேலிக்கு அப்பால் ஒரு சிவப்புக் கோட்டு

ஸ்கார்த்மூர் சானடோரியம்
19 நவம்பர் 1950

அன்புள்ள வில்ஃப்,

நான் சுகம் என்று எழுதினால் சிரிப்பாய். சுகமாக இருப்பவளை எதற்கு இந்த மலை உச்சியில் கட்டிலோடு வெளியே தள்ளிவைக்கப் போகிறார்கள்? ஆனாலும் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, இருமலும் முன்போல் இல்லை. நீயும் ஹேசலும் எப்படி இருக்கிறீர்கள்? முதலில் அதை எழுது, ஊர்க்கதையெல்லாம் பிறகு.

கட்டிலோடு வெளியே என்றது விளையாட்டுக்கு இல்லை. இங்கே வராந்தாவுக்கு மூன்று பக்கம்தான் சுவர். நேற்றுப் போர்வை மேல் பனி விழுந்தது. சிஸ்டர் வந்து, ரொட்டித் துணுக்கைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் டிலிஸ் ப்ரைஸ் என்று ஒரு வேல்ஸ்காரி. "ஏன் சிஸ்டர், குளிர்ல விறைச்சுச் செத்தா, காசநோய்ல சாகலைன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். இங்கே சிரிக்கக் கூடாது, சிரித்தால் இருமல் வரும். ரெண்டு பேரும் சிரித்துத் திட்டு வாங்கினோம். அவளுக்கும் நம் ஹேசல் வயதில் ஒரு பெண் இருக்கிறாள், க்வென் என்று பெயர்.

ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் சொல். என்னை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு நம் அறையை நீயேதான் புகை போட்டுச் சுத்தம் செய்தாயா? நகராட்சி வண்டியோடு ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டி, மருந்துப் புகை போட்டு, கிருமி சாக மெத்தையை ஆவிப் பெட்டிக்கு அள்ளிப் போகிறவன் நீ. சொந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பதினாறு வயதுக்குள் இருப்பவர்களை உள்ளே விடமாட்டார்களாம். ஹேசலுக்கு இன்னும் மூன்றே முடியவில்லை. மறந்துவிடுவாளா, வில்ஃப்?

பனியைத் தட்டிவிட்டு முத்தம் அனுப்புகிறேன்.
மேவிஸ்


டானர்ஸ் தெரு, ப்ராக்கன்பி
3 டிசம்பர் 1950

அன்புள்ள மேவிஸ்,

இங்கே ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். ஹேசல் நன்றாகச் சாப்பிடுகிறாள். கிளினிக்கில் கொடுத்த ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்கிறாள், மீன் எண்ணெயைத் துப்புகிறாள். உன் காய்ச்சல் இறங்கியது படித்து நிம்மதி.

நானேதான் செய்தேன். அதிகாரி வேறு ஆள் அனுப்புகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். யாரோ ஒருத்தன் வந்து உன் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆவியில் வைக்கக்கூடியதை வைத்தேன். தலையணையை எரித்தேன், விதி அதுதான். மருந்து வாடை போகப் பல நாள் ஆயிற்று. இப்போது வீட்டில் எந்த வாடையும் இல்லை. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

நகராட்சி சுகாதாரப் பிரிவு நமக்கு ஒரு வீட்டு உதவிக்காரியைக் கொடுத்திருக்கிறது. மிஸஸ் ஓக்டன், விதவை, நல்ல மனுஷி. நான் வேலைக்குப் போகும்போது வருவாள், திரும்பி வந்ததும் போவாள். வாய் மட்டும் ஓயாது. "அந்த மனுஷன் துடைச்ச வீட்டுல எனக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு, சொல்லுங்க?" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஹேசல் அவளோடு நன்றாகப் பழகிவிட்டாள்.

உன் படத்தைக் காட்டினால் முத்தம் கொடுக்கிறாள்.

குளிரில் காலுறை ரெண்டு ஜோடி போட்டுக்கொள்.
உன் வில்ஃப்


ஸ்கார்த்மூர்
27 டிசம்பர் 1950

அன்புள்ள வில்ஃப்,

கிறிஸ்துமஸ் போயிற்று. உடம்பு அப்படியே இருக்கிறது, மனசு அப்படி இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

"நன்றாகப் பழகிவிட்டாள்" என்று எழுதி அதோடு நிறுத்திக்கொண்டாயே, அப்பா! உன்னை எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியதை விழுங்கினால் அடுத்த வரியை என் படத்தைப் பற்றி எழுதுவாய். அவளை ஹேசல் என்னவென்று கூப்பிடுகிறாள்? அதை எழுது. படத்துக்கு முத்தமாம். படத்தை நான் எப்போது கேட்டேன்?

டாக்டர் ஹால்டேன் போன வாரம் கட்டில்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தாலே கெட்ட செய்தி. ஊசியும் மாத்திரையும் பாதி வேலைதான் செய்யும் என்கிறார். இடது பக்கத்து விலா எலும்புகள் சிலதை எடுத்துவிட்டால் நுரையீரல் அமுங்கி ஓய்வெடுக்குமாம். அதற்குப் பிறகும் இங்கே ஒரு வருஷம் கிடக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறப்போகிறேன். பயப்படாதே, தோட்டத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்வேன். சமையலறை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பெற்ற பிள்ளைக்கு யாரோவாகிவிட்டு, நல்ல நுரையீரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கோபத்தோடுதான் முத்தம்.
மேவிஸ்


ப்ராக்கன்பி
8 ஜனவரி 1951

அன்புள்ள மேவிஸ்,

நாங்கள் நலம். உன் கடிதத்துக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை, அதுவும் உடல்நலத்தில் சேர்த்தி என்றால் எழுதிக்கொள்.

அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். மிஸஸ் ஓக்டன் ஒவ்வொரு தரமும், "நான் அம்மா இல்லடி கண்ணு, உங்கம்மா மலை மேல இருக்காங்க" என்கிறாள். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி அம்மா என்கிறாள். நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் இந்த ஊரில் பலர் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ரெண்டாவது தரம் போகிறவன் நான். முதல் தரம் போகும்போது, "எப்பங்க திரும்பி வருவாங்க?" என்று கேட்பார்கள். ரெண்டாவது தரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அறையில் காகிதம் ஒட்டும்போது என் கை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நம் வீட்டில் இன்னொரு தரம் ஒட்ட என்னால் ஆகாது, மேவிஸ்.

ஹேசலை நான் கூட்டிவருகிறேன். பிப்ரவரி முதல் ஞாயிறு. ஃப்ளூ காய்ச்சல் பரவுவதால் பெரியவர்களையும் இந்தக் குளிர்காலம் முழுக்க உள்ளே விடமாட்டார்களாமே. எல்லாரும் புல்வெளிக்கு அப்பால் வேலியோடு நின்று பார்க்கலாம் என்று உங்கள் தலைமை நர்ஸ் மேட்ரன் எழுதியிருக்கிறார். மிஸஸ் ஓக்டன் ஒரு பழைய கம்பளியைச் சிவப்புச் சாயத்தில் முக்கி ஹேசலுக்குக் கோட்டு தைத்திருக்கிறாள். சாயம் இன்னும் கழுத்தில் ஒட்டுகிறது. எவ்வளவு தூரத்திலும் தெரியும். சிவப்பைப் பார்.

அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.
வில்ஃப்


ஸ்கார்த்மூர்
5 பிப்ரவரி 1951

என் தங்கமே வில்ஃப்,

சுகம், சுகம், சுகம்! நீங்கள் ரெண்டு பேரும் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அந்த மூடுபனியில் மலைப் பஸ் வந்ததே ஆச்சரியம். ஹேசலுக்குச் சளி பிடிக்கவில்லையே?

எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்தே சிஸ்டரைக் கெஞ்சி, கட்டிலை வராந்தா முனைக்குத் தள்ளவைத்தேன். ரெண்டு மணிக்கு வேலியோடு வரிசையாக வந்து நின்றீர்கள். எல்லா ஆம்பிளைக்கும் ஒரே தொப்பி, ஒரே சாம்பல் கோட்டு. உன்னைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. சிவப்பைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, தெரியாவிட்டால் என்ன? அவ்வளவுதான், ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம் அவளும் ஆட்டினாள் பார், ரெண்டு கையையும்! நான் நிறுத்தினால் அவள் ஆட்டுவாள், அவள் நிறுத்தினால் நான். மணி அடிக்கிற வரைக்கும் விடவில்லை. சிஸ்டர் வந்து, "இதுக்குப் பேரு பூரண ஓய்வா, மிஸஸ் டிரான்டர்?" என்று கேட்டாள். கேட்டால் கேட்கட்டும்.

பாவம் டிலிஸ். அவளுக்குக் காய்ச்சல், உள் அறையில் படுக்கவைத்துவிட்டார்கள். "எங்க ஆளுங்க வந்திருக்காங்களா, பாரேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். எனக்கு எங்கே கண் வேறு பக்கம் போயிற்று? "காணோம் டிலிஸ், பனியில பஸ் கிடைச்சிருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

வில்ஃப், என்னைத் தெரிந்துகொண்டாள். தெரியாதவளுக்கு யாராவது அப்படிக் கையாட்டுவார்களா? டாக்டரிடம் சொல்லிவிட்டேன், விலா எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. வருஷமானாலும் இருக்கிறேன்.

பஸ்ஸில் என்ன சொன்னாள்? ஒரு சொல் விடாமல் எழுது.

ரெண்டு கையாலும்,
மேவிஸ்


ப்ராக்கன்பி
26 பிப்ரவரி 1951

அன்புள்ள மேவிஸ்,

பதில் தாமதமாகிவிட்டது. ஊரெல்லாம் ஃப்ளூ, வேலை தலைக்கு மேல். ஹேசலுக்குக் கொஞ்சம் இருமல், இப்போது தேவலை. எனக்கு ஒன்றுமில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதித்தது ரொம்ப நல்லது. அதைப் படித்துவிட்டு சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ எடுத்த முடிவை மாற்றாதே.

நகராட்சி நம்மைப் புது வீட்டுப் பட்டியலில் முன்னால் போட்டிருக்கிறது. காசநோய் வீடுகளுக்கு முன்னுரிமை. குளியலறை உள்ளேயே இருக்குமாம். கோழி மறுபடி முட்டையிடுகிறது, ஆறு முட்டை அனுப்பியிருக்கிறேன். மார்ச்சில் வர முடியும் என்று தோன்றவில்லை.

நன்றாகச் சாப்பிடு.
வில்ஃப்


டானர்ஸ் தெரு, ப்ராக்கன்பி
14 மார்ச் 1951

மிஸஸ் டிரான்டர் அம்மாவுக்கு,

ஓக்டன் எழுதுறது. எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க உடம்பு தேவலையா? எனக்கு முழங்கால் வலிதான், அது என்கூடப் பிறந்தது.

உங்க கடுதாசி வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல பாப்பா என்ன சொன்னா, உங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறார், நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கன்னு எழுதியிருந்தீங்க. எந்த ஞாயிறும்மா? பிப்ரவரி முதல் ஞாயிறுன்னா அவ எங்க பஸ் ஏறினா? அதுக்கு முதல் நாள்தானே கக்குவான் இருமல் பிடிச்சுது. மூச்சு உள்ள போகாம நீலமா போயிட்டா. உங்க வீட்டுக்காரர் ஞாயிறு பூரா கெட்டிலைக் கொதிக்க விட்டு, ஆவியில அவளை மடியில வச்சுக்கிட்டே உக்கார்ந்திருந்தார். நான் என் வீட்டுக்குப் போகாம அங்கேயே இருந்தேன். சிவப்புக் கோட்டு கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கிச்சு. அன்னிக்குப் போட்டுக்கவே இல்ல. சுகாதார நர்ஸ் மிஸ் பெல்லமி தினம் வந்து பார்த்தாங்க. இப்ப நல்லாயிட்டா, பயப்படாதீங்க. ஏப்ரல் பாதி வரைக்கும் பஸ்ஸுல மட்டும் ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

இதெல்லாம் அவர் உங்களுக்கு எழுதியிருப்பாரேன்னுதான் நினைச்சேன்.

மனசைத் தளரவிடாதீங்க.
எல்லன் ஓக்டன்


ஸ்கார்த்மூர்
16 மார்ச் 1951

வில்ஃப்,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

அவள் வரவே இல்லை. மூச்சு நின்று நீலமாகிக் கிடந்திருக்கிறாள், நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து யார் பெற்ற பிள்ளைக்கோ கூத்தாடியிருக்கிறேன். உனக்குத் தெரியும். ஆறு முட்டை அனுப்பினாயே தவிர ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கேட்டு வாங்கிவைத்துவிட்டேன்.

மேவிஸ்


ப்ராக்கன்பி
19 மார்ச் 1951

மேவிஸ்,

ஹேசல் நலம். முதலில் அது.

அந்த ஞாயிறு முடிந்ததும் திங்கட்கிழமை உனக்கு எழுத உட்கார்ந்தேன். "வர முடியவில்லை, மன்னித்துக்கொள்" என்று ஆரம்பித்து, அதற்குமேல் ஓடாமல் மேசையில் வைத்திருந்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. "வருஷமானாலும் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அத்தனை வாரம் நானும் டாக்டரும் கெஞ்சி நடக்காதது, எவன் வீட்டுப் பிள்ளையோ கையாட்டி நடந்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? அந்தக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டேன்.

நான் பொய் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. அதுவும் பொய்தான் என்று மிஸஸ் ஓக்டன் இன்று காலை முகத்துக்கு நேராகச் சொன்னாள். இனி உள்ளதை உள்ளபடி எழுதுவேன், இது சத்தியம்.

வந்தால் கதவைச் சாத்தமாட்டேன். பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், பெட்டியைத் தூக்கிக்கொள்வேன், கொட்டகையில் படுக்கை போடுவேன். ஆனால் வராதே. உன் மேல் எனக்கு இருக்கிற ஆசைக்கு வா என்றுதான் எழுத வேண்டும். படுக்கையில் உன் பக்கம் கைபோட்டால் வெறும் விரிப்புதான். இருந்தும் சொல்கிறேன், வராதே.

வில்ஃப்


ஸ்கார்த்மூர்
9 ஏப்ரல் 1951

அன்புள்ள வில்ஃப்,

காய்ச்சல் இல்லை. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் மழையில் நின்றாயாமே, மிஸஸ் ஓக்டன் எழுதியிருந்தாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? ரெண்டு வாரம் எழுதாமல் உன்னைத் தவிக்கவிட்டேன். கொஞ்சம் வேண்டுமென்றும்தான்.

சனிக்கிழமை கோட்டு மாட்டிவிட்டேன், தொப்பியும். பெட்டி வாசலில். டிலிஸிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவளைப் போட்டிருந்த தனி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தலையணையோடு தலையணையாக இருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட, ராணி மாதிரி?"

"வீட்டுக்கு. எம் பிள்ளை என்னை மறந்துட்டா."

"அப்ப எம் பிள்ளைக்கு யார் கையாட்டுவா?"

எனக்குப் புரியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து அவள் புருஷன் எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பிப்ரவரி முதல் ஞாயிறு, க்வெனுக்கு அத்தை வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோட்டில் கூட்டிவந்தேன், நீ ரெண்டு கையாலும் ஆட்டினதைப் பார்த்துப் பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை, நீ இவ்வளவு தெம்பாக இருப்பது பார்த்து எனக்கும் உயிர் வந்தது என்று எழுதியிருந்தார்.

நான் காணோம் என்று அவளிடம் சொன்னேனே, அந்தப் பிள்ளைக்கு நேராகக் கையாட்டிக்கொண்டே சொன்னேன். "ஏன் டிலிஸ் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அன்னிக்கே கிளம்பியிருப்பியே. எம் பிள்ளையும் சந்தோஷமா இருக்கா, நீயும் சந்தோஷமா இருக்க, நடுவுல நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னை வெட்டக்கூட மாட்டேன்னுட்டார் அந்த டாக்டர். அதுக்கெல்லாம் நேரம் தாண்டிருச்சாம். உன்னை வெட்டறேங்கறார், நீ தொப்பி போட்டுக்கிட்டு நிக்கற. வெட்கமா இல்ல உனக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணாந்தேதி ஞாயிறு வருவாங்க. எனக்காக ஆட்டுடி" என்றாள்.

தொப்பியைக் கழற்றினேன். அந்த ஞாயிறு ஆட்டினேன். தெரிந்தே ஆட்டுவது எவ்வளவு கஷ்டம், தெரியுமா? முதல் தரம் என் பிள்ளை என்று ஆட்டினேன், கை தானாகப் பறந்தது. இந்தத் தரம் கையைத் தூக்கவே முடியவில்லை. அந்தச் சின்னது அங்கே குதித்துக் குதித்து ஆட்டியது. நீ உன் அறையில் கெட்டிலோடு உட்கார்ந்து என்னிடம் ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டிலிஸ் செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

மிஸ்டர் ப்ரைஸ் சாமான்களை எடுத்துப்போக வந்தார். என் கட்டிலருகே நின்று, தொப்பியைத் திருகிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைகூட ரெண்டு கையாலயும் ஆட்டினாங்கன்னு பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கா" என்றார். நான், "ஆமாங்க, நான் பார்த்தேன். அவங்களே எழுந்து உக்கார்ந்து ஆட்டினாங்க" என்றேன். என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே உன்னை இனி எந்த வாயால் திட்டுவது?

ஆபரேஷன் இருபத்தைந்தாம் தேதி. மே முதல் ஞாயிறு ஹேசலைக் கூட்டிவா, மிஸ் பெல்லமி விட்டால். நான் அசையாமல் படுத்திருப்பேன், ஆபரேஷன் ஆன புதிதில் உன்னையும் உள்ளே விடமாட்டார்கள். எனக்குப் பதிலாக எதிர்க்கட்டில் பெகி நின்று ஆட்டுவாள். சொல்லிவைத்திருக்கிறேன். நீ ஹேசலிடம் என்ன சொல்வாயோ அது உன் பாடு.

என் பக்கத்து விரிப்பை மடித்துவிடாதே.
மேவிஸ்


ப்ராக்கன்பி
7 மே 1951

என் மேவிஸ்,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டாய் என்று டாக்டர் ஹால்டேன் எழுதினார். அந்தக் கடிதம் வந்த அன்று ஆவிப் பெட்டிக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பேச முடிகிறதா உனக்கு? சாப்பிட முடிகிறதா? இங்கே எல்லாரும் நலம்.

சத்தியம் செய்தபடி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நேற்று வந்தோம். பிள்ளைக்குக் கோட்டு கையில் குட்டையாகிவிட்டது, அதையேதான் போட்டுக்கொள்வேன் என்றாள். நல்ல வெயில். வேலியில் தூக்கி உட்காரவைத்தேன். "எது அம்மா?" என்று கேட்டாள். வராந்தாவில் பத்துப் பேர் இருந்தார்கள். அப்போது பச்சைப் போர்வை போர்த்திய ஒருத்தி எழுந்து துண்டை எடுத்து ஆட்டினாள். நீ இல்லை என்று எனக்குத் தெரியும். உன் தோளை எனக்கு ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். "அதோ, அவங்கதான்" என்றேன்.

ஹேசல் முதலில் என் காலரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் ஒரு கையை ஆட்டினாள். அப்புறம் ரெண்டும். அந்தப் புண்ணியவதியும் விடவில்லை. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, பின்னால் இருந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எதற்குள் நீ இருக்கிறாயோ என்று.

பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஊர் எல்லை வரும்போது என் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"அம்மா அவ்வளவு நேரம் ஆட்டினாங்களே, கை வலிக்காதாப்பா?"

மிஸஸ் ஓக்டனைச் சொல்லவில்லை. உன்னைத்தான் அம்மா என்றாள். அம்மாவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தினம் காலையில் தபால் வந்ததா என்று கேட்கப்போகிறாள்.

பெகிக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.
உன் வில்ஃப்


ஸ்கார்த்மூர்
13 மே 1951

வில்ஃப்,

படுத்தபடியே எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பிழைத்துவிட்டேன். உங்களுக்கெல்லாம் சுகந்தானே?

இடது பக்கம் முழுக்கக் கட்டு. அந்தக் கை தோளுக்கு மேல் தூக்க இன்னும் பல மாதம் ஆகுமாம். தினம் பயிற்சி கொடுக்கிறார்கள், சுவரில் விரலால் ஏறவேண்டும். கத்துகிறேன். அன்றைக்கு ஜன்னலுக்குள்ளே கிடந்து, "என்னடி பண்றா? இப்ப என்ன பண்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பெகி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஹேசலிடம் சொல். வலிக்கிறதுதான், கண்ணே, ரொம்ப வலிக்கிறது. அம்மாவே எழுதினாள் என்று சொல்.

மேவிஸ்